திறப்பு விழா முடிந்தது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி, மார்ச் வந்தாலே உங்கள் பத்திரிகையின் கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரே மாதிரி படங்கள் வரத் தொடங்கிவிடும். ஏதோ ஒரு கம்பெனி ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு சோலார் போட்டுக் கொடுத்திருக்கும், மேலாளர் ரிப்பன் வெட்டுவார், ஹெச்.எம். சால்வை போர்த்துவார், பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். கம்பெனிகளைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், நம் பள்ளிகளுக்குத் தேவையும் இருக்கிறது. ஆனால் படம் வந்து மூன்று வருடம் கழித்து அதே பள்ளியின் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்து ஒரு செய்தியாவது போட்டிருக்கிறீர்களா?

நான் காவேரிப்பட்டணம் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன். வீடு, கடை, மாங்கூழ் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். என் பெண் படிக்கிற பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் இருப்பதால் அந்தக் கூட்டங்களிலும் உட்காருகிறேன். ஆக, ஒரு ஃபேன் ஏன் சுற்றவில்லை என்பதும் தெரியும், அதை மாற்ற ஏன் இரண்டு வருடம் ஆகிறது என்பதும் தெரியும்.

மத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், அந்த ஹெச்.எம். மேல் தப்பு எதுவும் இல்லை. ஒரு கம்பெனி சோலார் போட்டுக் கொடுத்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். மாடிக்குப் போனால் பேனல் மேல் கிரானைட் தூள் படிந்து, பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, நகத்தால் சுரண்டினால்தான் கண்ணாடி தெரிகிற அளவுக்கு இறுகிக் கிடந்தது. பக்கத்து வேப்ப மரம் வளர்ந்துவிட்டதால் மதியம் இரண்டு மணிக்கே ஒரு மூலையில் நிழல். ஒரு மூலைதானே என்று நினைக்கக் கூடாது, பேனல்களைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றவற்றிலிருந்து வருவதும் சேர்ந்து குறையும். கீழே வந்தால் பேட்டரிகளை சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய அறையில் வைத்திருக்கிறார்கள், ஜன்னல் மூடி இருக்கிறது. மூடியைத் திருகிப் பார்த்தேன், உள்ளே தகடுகள் காய்ந்து நிற்கின்றன, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. இன்வெர்ட்டர் பாவம் பல மாதமாக பீப் பீப் என்று கத்தியிருக்கும் போல, பாடம் நடத்த விடவில்லை என்று யாரோ பஸர் வயரை நறுக்கிவிட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சர்வீஸ் நம்பர் இருந்தது. அடித்தால், எடுத்தவர், அந்த சர்வீஸ் ஆள் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்றார்.

ஹெச்.எம். அம்மா சொன்னது ஒரே வரிதான்: "இதுக்குத் தண்ணி ஊத்தணும்னே எங்களுக்கு யாரும் சொல்லல சார்."

நல்ல டியூபுலர் பேட்டரி நாலைந்து வருடமாவது உழைக்கும். அதற்குச் சில மாதத்துக்கு ஒரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், டெர்மினலைத் துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்ச் செலவு, அரை மணி நேர வேலை. அதைச் செய்யாததால் ஒரு செட் பேட்டரி போயிற்று. நான்கு பேட்டரி புதிதாக வாங்கினால் ஐம்பதாயிரத்தைத் தொடும். சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கிற பள்ளிக்கு ஒரு வருடத்துக்கு ஒருங்கிணைந்த மானியம் 50,000 ரூபாய், 100 பிள்ளைகளுக்குக் கீழே போனால் 25,000, முப்பதுக்குக் கீழே 10,000. சாக்பீஸ், பினாயில், உடைந்த கதவு, குழாய் எல்லாம் அதில்தான். இதில் எந்த ஹெச்.எம். பேட்டரி வாங்குவார்? அதனால் அந்த சோலார் அப்படியே கிடக்கிறது. பேனல் 25 வருடம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான், ஆனால் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அதோடு சேர்ந்து 25 வருடம் வராது என்பதைத் திறப்பு விழாவில் யாரும் சொல்வதில்லை.

இப்போது சில கம்பெனிகள் பேட்டரி இல்லாமல் கரண்ட் லைனோடு நேரடியாக இணைக்கிற ஆன்-கிரிட் முறையில் போடுகிறார்கள். நல்ல விஷயம், பராமரிப்பு குறைவு. ஆனால் அதிலும் ஒரு கூத்து நடக்கிறது. லைனில் கரண்ட் போனால் இந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கும். இதை விளக்காமல் போய்விடுகிறார்கள். அப்புறம் கரண்ட் கட் ஆன நேரத்தில் வெயில் கொளுத்துகிறது, மாடியில் சோலார் இருக்கிறது, ஃபேன் சுற்றவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று ஊரே பேசுகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மாடியில் பேனல் ஸ்டாண்டு நிற்க வைப்பதற்கு தட்டோட்டில் துளை போட்டு போல்ட் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் அந்த போல்ட் வழியாகவே வகுப்பறைக்குள் சொட்டுகிறது. துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளின் எடையிலேயே ஸ்டாண்டை நிறுத்தலாம், கொஞ்சம் செலவு கூடும்.

சரி, என் முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். பள்ளிக்கு உதவ வருகிற கம்பெனியானாலும், தொண்டு நிறுவனமானாலும், அரசு ஏஜென்சியானாலும் எடுத்தவுடன் மாடியைப் பார்க்கிறார்கள். கரண்ட் பில்லைப் பார்ப்பதில்லை. முதலில் கடைசி இரண்டு வருட பில்லை வாங்கி மேஜையில் பரப்பிப் பாருங்கள், இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பன்னிரண்டு பில்தான். அதிலும் கோடை விடுமுறை வருகிற பில்லைத் தனியாக எடுங்கள். பள்ளி பூட்டிக் கிடந்த நாட்களிலும் யூனிட் ஓடியிருக்கிறதா? ஓடியிருந்தால் எங்கோ யு.பி.எஸ். சும்மா சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, அல்லது கம்ப்யூட்டர் லேப் மெயின் ஆஃப் பண்ணவில்லை, அல்லது பக்கத்தில் யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள், அல்லது வயரில் லீக்கேஜ் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது இருந்தால் பில்லை விடுங்கள், பிள்ளைகள் உயிருக்கே ஆபத்து, அன்றைக்கே பார்க்க வேண்டும். ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் என்று அரசு நிறையக் கொடுத்த பிறகு பழைய பள்ளிகளில் லோடு ஏறிவிட்டது, ஆனால் வயரும் சுவிட்ச் போர்டும் ட்யூப் லைட் காலத்திலேயே நிற்கின்றன. எர்த் எடுத்துப் பார்த்தால் பல இடங்களில் குழி காய்ந்து பெயருக்குத்தான் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் எர்த் குழிக்கு ரிப்பன் வெட்ட வராது, அது வேறு விஷயம்.

ஃபேன் கணக்கு ஒன்று சொல்கிறேன். எட்டு வகுப்பறை, அறைக்கு இரண்டு, ஆக 16 ஃபேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட்ஸ் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று புதிதாக வருகிற ஃபேன் 30 வாட்ஸில் அதே காற்றைக் கொடுக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் பழையது 7 யூனிட் சொச்சம், புதியது 3 யூனிட்டுக்கும் கீழே. வருடத்துக்கு 200 பள்ளி நாள் என்று வைத்தால் ஏறக்குறைய 860 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஏழாயிரத்தைத் தொடாது. ஃபேன் ஒன்று 2,800 ரூபாய் என்றால் பதினாறுக்கும் சேர்த்து 45,000. போட்ட காசு திரும்ப ஆறரை வருடம் ஆகும். வீட்டிலோ கடையிலோ இதே ஃபேன் இரண்டு மூன்று வருடத்தில் காசை எடுத்துவிடும், ஏனென்றால் அங்கே ராத்திரி பகலாக ஓடுகிறது. பள்ளி என்பது வருடத்தில் பாதி நாளுக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் பகலில் மட்டும் ஓடுகிற ஒரு கட்டடம். இதை விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லமாட்டார்கள். அதற்காக மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை, காயில் கட்டிக் கட்டித் தேய்ந்த ஃபேனை இனியும் காயில் கட்டுவதை விட இதை மாட்டுவதே மேல். நல்லா இருக்கிற ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதுதான் வீண். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் ஸ்டிக்கர் கட்டாயம் ஆகிவிட்டது, வாங்கும்போது அதைப் பார்த்தால் போதும்.

இன்னொன்று, இந்த ஃபேன் பலவற்றுக்கு ரிமோட் வருகிறது. வகுப்பறையில் ரிமோட்டா! பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று ஹெச்.எம். எல்லா ரிமோட்டையும் பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறார், அப்புறம் எந்த ரிமோட் எந்த ஃபேனுக்கு என்று தெரியாமல் எல்லா ஃபேனும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சுவர் ரெகுலேட்டரிலேயே ஓடுகிற பி.எல்.டி.சி. ஃபேனும் கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நன்கொடை கொடுக்கிறவர்கள் கொட்டேஷன் வாங்கும் முன்னால் ஒரு டீச்சரைக் கேட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

மோட்டார் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒன்றரை ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் போகும், அது ஒரு பழைய ஃபேன் இருபது மணி நேரம் சுற்றுகிற கரண்ட். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், சின்டெக்ஸ் நிரம்பிச் சுவரோரமாக வழிந்து பாசி பிடித்து நிற்கிறது. கரண்டும் போச்சு, தண்ணீரும் போச்சு, சுவரும் போச்சு. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போட்டால் முடிந்தது. என் அனுபவத்தில் பள்ளிக்கூடத்தில் செய்கிற வேலைகளில் போட்ட காசு சீக்கிரம் திரும்புவது இதில்தான். ஆனால் ஃப்ளோட் சுவிட்சைப் படம் எடுத்தால் நன்றாக இருக்காது.

தண்ணீர் என்றதும் ஆர்.ஓ. மெஷின் ஞாபகம் வருகிறது. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வருகிற பள்ளிக்கும் ஆர்.ஓ., வராத பள்ளிக்கும் ஆர்.ஓ. என்று ஒரே பொருளைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. சின்ன ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க ஒரு குடத்துக்கும் மேலே கழிவாக விடும். போர்வெல் தண்ணீரில் ஓடினால் உப்பும் ஃப்ளோரைடும் அந்தக் கழிவில்தான் சேர்ந்து வெளியே வரும், அதை முருங்கைக்கும் கீரைக்கும் விடுகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் மாற்ற ஆள் இல்லாமல் மூடி வைத்த மெஷின்களைப் பற்றித் தனிக் கடிதம் எழுதலாம்.

அப்புறம் வெயில். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு சீதோஷ்ணம், ஊத்தங்கரை பக்கம் வேறு. தளியைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சொல்வார்கள், மார்கழியில் அங்கே பிள்ளைகள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். ஊத்தங்கரை, அரூர், மொரப்பூர் பக்கம் மாசி பிறந்தாலே மாடி அறையில் தலை காய்கிறது. ஆனால் கம்பெனி கொடுக்கிற "பேக்கேஜ்" இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். வெயில் ஊர்ப் பள்ளிக்கு முதல் செலவு மாடிக்கு வெள்ளை அடிப்பதாக இருக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்புகிற பெயிண்ட் அடித்தால் கீழே அறையில் இரண்டு மூன்று டிகிரியாவது குறைகிறது, மாடி அறையில் வித்தியாசம் உள்ளே நுழைந்தவுடனே தெரியும். அரசே குளிர் கூரை என்று பள்ளிகளில் தொடங்கியிருக்கிறது, நல்லதுதான், ஆனால் அது எல்லாப் பள்ளிக்கும் வந்து சேர எத்தனை வருடமோ. தளிப் பள்ளிக்கு ஃபேனை விட வெளிச்சம் முக்கியம், அங்கே அடைத்து வைத்த ஜன்னலைத் திறந்து, பச்சை பெயிண்ட் அடித்த உள்சுவரை வெள்ளையாக்கினால் பகலில் லைட்டே வேண்டாம்.

கம்பெனிக்காரர்கள் சொல்கிற ஒரு சமாதானம் உண்டு: "எங்கள் சி.எஸ்.ஆர். பணம் அந்தந்த வருடத்துக்குள் செலவாக வேண்டும், பராமரிப்புக்கெல்லாம் ஒதுக்க முடியாது." இது பாதி உண்மை. 2013 கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் (இதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறார்கள்), தாங்கள் இயங்குகிற வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மார்ச்சில் இந்த அவசரம் வருவது அதனால்தான். ஆனால் 2021-ல் திருத்திய விதிகளில், தொடர்ந்து நடக்கிற திட்டம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை அதை நடத்தலாம். அதாவது சோலார் போட்டு, நாலு வருடம் வரை ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளச் சட்டமே வழி விட்டிருக்கிறது. செய்ததன் பலன் என்ன என்று வெளியாள் வைத்து ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது, ஆனால் அது வருடம் பத்துக் கோடிக்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனியின், ஒரு கோடிக்கு மேலான திட்டத்துக்குத்தான். நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வருகிற நாலைந்து லட்ச ரூபாய் வேலையை எந்த விதியும் திரும்பிப் பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான், பள்ளி மேலாண்மைக் குழுவும் உங்கள் நிருபரும்.

ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி என்று நம்மைச் சுற்றி சிப்காட் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. வாட்ச், லாரி, பைக், இப்போது பேட்டரி ஸ்கூட்டர் வரைக்கும் இங்கேதான் செய்கிறார்கள். அந்த ஆலைகளுக்குள் போனால் எரிசக்தி சேமிப்புக்கென்றே தனி ஆள் வைத்திருப்பார்கள், எந்த மோட்டார் எத்தனை யூனிட் இழுக்கிறது என்று சுவரில் போர்டு மாட்டியிருப்பார்கள். பணத்தை விட அந்த ஆளை வருடத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு அனுப்பினால் எனக்கு அது பெரிய நன்கொடை.

எஸ்கோ என்று ஒரு வகைக் கம்பெனிகள் உண்டு. அவர்களே முதல் போட்டு லைட், ஃபேன், மோட்டாரை மாற்றுவார்கள், மிச்சமாகிற பில் பணத்திலிருந்து சில வருடம் பங்கு எடுத்துக்கொள்வார்கள். மத்திய அரசின் நான்கு மின் நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். இந்த வேலைக்கென்றே வந்தது, 2015-ல் உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்பு விலை மளமளவென்று இறங்கியதற்கு அவர்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்தது பெரிய காரணம். பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி, விடுதி என்றால் எஸ்கோ வருவான். எட்டு வகுப்பறைப் பள்ளிக்கு வரமாட்டான், மேலே சொன்ன ஃபேன் கணக்கைப் பார்த்தாலே காரணம் தெரியும். அதனால் ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை எல்லாம் ஒரே ஒப்பந்தமாகக் கட்ட வேண்டும். காவேரிப்பட்டணம் வட்டாரத்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனி, ஐந்து வருடப் பராமரிப்பு, ஃபோன் போட்டால் இரண்டு நாளில் ஆள் வர வேண்டும், வராவிட்டால் பணம் பிடித்தம் என்று எழுதினால் வருவார்கள். மொத்தமாக வாங்கினால் ஃபேன் விலையும் குறையும். இதைச் செய்யக்கூடிய இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் முதன்மைக் கல்வி அலுவலகமும்தான், ஒவ்வொரு ஹெச்.எம்.மும் தனித்தனியாக எந்தக் கம்பெனியோடும் பேரம் பேச முடியாது. மாநில அளவில் ஆலோசனை கேட்க முன்பு டெடா என்கிற தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை இருந்தது, 1985-ல் தொடங்கியது, 2024-ல் அது தமிழ்நாடு பசுமை எரிசக்தி கழகத்தோடு சேர்ந்துவிட்டது. பல ஹெச்.எம்.களுக்கு இது இன்னும் தெரியாது, இப்போதும் டெடாவுக்கு எழுதலாமா என்றுதான் என்னைக் கேட்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பள்ளியில் ஃபேனை நிறுத்துவது டீச்சரும் பிள்ளைகளும், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது, பில் பணம் போவது அரசுக் கணக்கிலிருந்து. மிச்சம் பிடித்தால் பிடித்தவனுக்கு என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை. டிசம்பர் 14 எரிசக்தி சேமிப்பு நாள் என்று ஓவியப் போட்டி வைத்து ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 1994-லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளி முந்தைய வருடங்களை விடக் குறைவாக கரண்டும் தண்ணீரும் செலவழித்தால், மிச்சமான பணத்தில் பாதி நகராட்சிக்கு, பாதி பள்ளிக்கே. அந்தப் பாதியை எதற்குச் செலவிடுவது என்று பள்ளியே முடிவு செய்யும். அப்புறம் ஐரோப்பாவில் பல நாட்டுப் பள்ளிகள் அதைப் பிடித்துக்கொண்டன. நம் ஊரில் செய்ய என்ன தடை? ஒரு பள்ளிக்கு வருடம் மூவாயிரம் ரூபாய் கையில் வந்தால்கூட போதும், டிஸ்டில்டு வாட்டர், ஃபேன் கண்டென்சர், ஃப்ளோட் சுவிட்ச் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும், யாரிடமும் கை ஏந்த வேண்டாம். பிள்ளைகளும் சும்மா இருக்கமாட்டார்கள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் மீட்டர் ரீடிங் எழுதச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறோம், திங்கட்கிழமை யூனிட் கூடியிருந்தால் சனி, ஞாயிறு யார் மோட்டார் போட்டது என்று ஹெச்.எம்.மையே கேட்கிறார்கள்.

பழைய சாமான் பற்றியும் ஒரு வார்த்தை. புது ஃபேன் மாட்டியவுடன் பழையதைக் காயலான் கடைக்குப் போட முடியாது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறது, கழிவு செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும். அதனால் பள்ளிக்கு ஓர் அறை இதற்கே போய்விடுகிறது, செத்த பேட்டரி ஒரு மூலையில் ஆசிட் கசிந்து கிடக்கிறது, பாதரசம் உள்ள பழைய ட்யூப் லைட் உடைந்து கிடக்கிறது, பிள்ளைகள் பந்து எடுக்க உள்ளே ஓடுகிறார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கொடுக்கிற கம்பெனி பழையதை எடுத்துப் போவதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும், கல்வி அலுவலகம் கழிவு உத்தரவை அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

"நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தில் யார் வேண்டுமானாலும் பள்ளிக்கு உதவலாம். அதில் சோலார், ஃபேன், ஆர்.ஓ. என்று எதைக் கொடுத்தாலும் பராமரிப்பு யார், எந்தத் தேதி வரை, எந்த நம்பர் என்று நிரப்பினால்தான் ஏற்றுக்கொள்வோம் என்று கல்வித்துறை சொல்ல வேண்டும். நிரப்பாவிட்டால் வேண்டாம் என்று சொல்கிற தைரியம் ஹெச்.எம்.களுக்கு வராது, மேலிருந்துதான் வர வேண்டும்.

கம்பெனி வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994-லிருந்து இருக்கிறது, தர்மபுரியில் செட்டிக்கரையில் ஒன்று இருக்கிறது, பாலிடெக்னிக்கும் ஐ.டி.ஐ.யும் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. மின்னியல் படிக்கிற மாணவர்கள் இறுதியாண்டு பிராஜெக்ட் என்று ஊரில் இல்லாத ரோபோவெல்லாம் செய்கிறார்கள். நான்கு பேர் கொண்ட ஒரு குழு ஒரு பள்ளிக்கு ஒரு வாரம் போனால் பில், லோடு, எர்த், மோட்டார், கூரை எல்லாவற்றையும் அளந்து பத்துப் பக்க அறிக்கை கொடுத்துவிடலாம். கம்பெனி வந்து என்ன வேண்டும் என்று கேட்கும்போது ஹெச்.எம். கையில் அந்த அறிக்கை இருந்தால், அவர்கள் கொடுக்க நினைப்பதை வாங்குவதற்குப் பதில் நமக்கு வேண்டியதைக் கேட்கலாம்.

காவேரிப்பட்டணம் வட்டாரத்தில் எந்த ஹெச்.எம். விரும்பினாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துத் தர நான் தயார், பெட்ரோல் காசு கூட வேண்டாம், பத்திரிகை அலுவலகத்தில் என் நம்பர் இருக்கிறது. கடைசி இரண்டு வருட பில்லை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாடிக்குப் படி இல்லாத பள்ளியாக இருந்தால் ஏணிக்கும் சொல்லி வைத்துவிடுங்கள், என் பைக்கில் ஏணி வராது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.